பத்து நாள் முகாமும் பதினான்கு நாள் உடம்பும்

பட்டியலில் இல்லாதது

கோடை முகாமுக்குப் புறப்படும் என்.சி.சி. பிள்ளைகளுக்கு வேண்டிய சாமான்களைத் திருச்சி காந்தி மார்க்கெட்டிலும் அதையொட்டிய பெரிய கடைவீதியிலும் ஒரே நடையில் வாங்கிவிடலாம். கொசுவலை, பக்கெட், தட்டு, டம்ளர், பூட் பாலிஷ், பெல்ட்டின் பித்தளையைத் துலக்கப் பிராஸோ என்று பட்டியல் நீளும். வெயிலுக்குப் பழகிய உடம்பு மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதை வீட்டிலிருந்தே தயார் செய்து கொண்டுபோக வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். வெப்பத்தில் தினமும் உழைக்கத் தொடங்கினால், முதல் நான்கைந்து நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது; அதே வேலைக்கு இதயம் முன்பைவிட மெதுவாகத் துடித்தால் போதும் என்றாகிறது. பிறகு வியர்வை சீக்கிரம் சுரக்கிறது, அதிகமாகச் சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது. இந்த மாற்றங்கள் முழுமை பெறப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். வருடாந்திர முகாமோ பெரும்பாலும் பத்தே நாள். பழக்கத்தை முகாமிலேயே தொடங்கினால், உடம்பு பாடம் கற்று முடிக்கும்போது பெட்டி கட்டும் நாள் வந்திருக்கும். இடைப்பட்ட நாட்களில்தான், அதிலும் முதல் மூன்று நான்கு நாட்களில்தான், ஆபத்து அதிகம்.

திருச்சிக்காரருக்கு வெயில் புதிதா?

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு எதற்கு இந்தப் பழக்கம் என்று கேட்பார்கள். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்கள் எந்த முன்பயிற்சி எடுத்தார்கள் என்றும் கேட்பார்கள். அவர்களுக்கு ஆண்டு முழுதும் வேலைதான் பயிற்சி. உடம்பு தாங்காதவர்கள் அந்தத் தொழிலை எப்போதோ விட்டிருப்பார்கள். நம் கண்ணில் படுபவர்கள் தாங்கியவர்கள் மட்டுமே. இன்னொன்றையும் கவனிக்கலாம்: லாரிகள் இரவில் வருகின்றன, பெருஞ்சுமை பெரும்பாலும் விடிவதற்குள் இறங்கிவிடுகிறது. வெயிலை நன்றாக அறிந்தவர்கள் அதனோடு மல்லுக்கு நிற்பதில்லை. நம் மாணவர்களோ பிப்ரவரியிலிருந்து பரீட்சைக்காக மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தவர்கள். வெயில் பழக்கம் சில வாரங்கள் விட்டாலே கரைந்துவிடும். ஊர்ப் பாசத்துக்கு அது கட்டுப்படாது. ‘வெயில் சதம் அடித்தது’ என்று செய்தித்தாள் எழுதும் 100 டிகிரி பாரன்ஹீட்டும் நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் அளந்த கணக்கு. பூட் மாட்டி, முழுச் சீருடையில் திறந்த மைதானத்தில் நிற்கும் பிள்ளைக்கு அது பொருந்தாது.

ஆகவே முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். காலை எட்டு மணி வெயிலிலோ மாலை நாலரைக்கோ, முதல் நாள் இருபது நிமிட வேக நடை; சிறுகச் சிறுகக் கூட்டி ஒரு மணி நேரம். முதல் வாரம் மெல்லிய பருத்தி உடை, இரண்டாம் வாரம் சீருடையும் பூட்டும். புது பூட்டை முகாமில் முதன்முதலாக மாட்டினால் முதல் நாளே குதிகால் கொப்பளிக்கும். பழகாத காலால் தரையை ஓங்கி மிதித்தால் முன்னங்கால் எலும்பு வலி எடுக்கும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் தொடரக் கூடாது. சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும் என்பதையும் அவரிடம் நினைவூட்டலாம்.

கஷ்டப்படாமல் சிப்பாய் ஆக முடியுமா?

கஷ்டம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வெயிலைத் தாங்குவதை மன உறுதியின் கணக்கில் சேர்ப்பதை ராணுவங்களே எப்போதோ கைவிட்டுவிட்டன. அமெரிக்காவின் பாரிஸ் ஐலண்ட் மரைன் படைப் பயிற்சி முகாமில் புதியவர்கள் வெயிலில் சுருண்டு விழுந்ததால்தான் 1950-களில் ஒரு புதிய அளவீடு பிறந்தது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்பு உருண்டையின் அளவில் 20 சதவீதம், நிழல் வெப்பத்தில் 10 சதவீதம் சேர்த்த கணக்கு அது. ஈரத்துக்கு ஏன் இத்தனை எடை என்பதை மண்பானை சொல்லும். காற்று ஈரமாக இருக்கும் நாளில் பானை நீர் சரியாகக் குளிராது, வியர்வையும் அப்படித்தான். அந்த அளவைப் பார்த்துக் கொடியேற்றி டிரில்லைக் குறைத்தார்கள், வெயிலால் விழுந்தவர்களின் எண்ணிக்கை குறைந்தது. படையின் தரம் குறைந்ததாகப் பேச்சில்லை.

தண்ணீரும் உப்பும்

நிறையத் தண்ணீர் குடி என்பது பாதி அறிவுரை. வெறும் நீரை அளவுமீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயக்கம், வலிப்பு வரை போகும். அதனால் அமெரிக்கத் தரைப்படை 1998-ல் மணிக்கு ஏறக்குறைய 1.4 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டாம் என்று வரம்பு வைத்தது. உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், எலுமிச்சைச் சாறு, வாழைப்பழம் எல்லாம் மார்க்கெட்டில் மலிவாகவே கிடைப்பவை. காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு டிரில்லுக்கு ஓடுவதுதான் பெரும் தவறு.

மாணவிகள் விஷயத்தில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். கழிப்பறை தூரமாகவோ அசுத்தமாகவோ இருந்தால் அவர்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். அது முகாம் நடத்துபவரின் குறை, பிள்ளையின் குறை அல்ல. அடுத்தது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. ஹீமோகுளோபினைப் பிப்ரவரியிலேயே பார்த்துவிடுவது நல்லது. இரும்புச்சத்து மாத்திரை பலன் தர வாரங்கள் ஆகும்.

விழுந்தால்

சாவ்தானில் (அட்டென்ஷன் நிலையில்) அசையாமல் நிற்பவர் சட்டென்று விழுவது பெரும்பாலும் கால்களில் ரத்தம் தேங்குவதால். நிழலில் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார். பூட்டுக்குள் கால்விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருந்தாலே இதைப் பெருமளவு தவிர்க்கலாம். ஓடும்போதோ நீண்ட டிரில்லின்போதோ விழுந்து, உளறி, ஆளையே அடையாளம் தெரியாமல் விழித்தால் அது வெப்பத்தாக்கு. உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். வியர்வை வழிகிறதே என்று ஏமாறக் கூடாது. பாராசிட்டமால் பயன் தராது, தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் அங்கேயே குளிரவைக்க வேண்டும். அரை மணிக்குள் வெப்பம் இறங்கினால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். காய்கறி லாரியை மூடும் தார்பாய் ஒன்று போதும். பிள்ளையை அதில் கிடத்தி, நான்கு பக்கமும் ஆட்கள் விளிம்பைத் தூக்கித் தொட்டியாகப் பிடித்து, தலையை வெளியே தாங்கிக்கொண்டு, தண்ணீரும் ஐஸும் கொட்டி அலசிக்கொண்டே இருக்கலாம். முகாம் நடத்துபவர்களின் சாமான் பட்டியலில் அந்தத் தார்பாயும் இரண்டு மூட்டை ஐஸும் இருக்கின்றனவா என்று பெற்றோர் முன்கூட்டியே கேட்கலாம்.