கண்ணா, கையா? மூளை யாரை நம்புது?

போன மாசம் எங்க பாட்டி மாடிப்படியில ஒரு படியைத் தவறவிட்டுட்டாங்க. கைப்பிடியைப் பிடிச்சிருந்ததால விழல. அவங்களுக்குக் கண்புரை இருக்கு. ஆனா அதே கண்ணோடதான் இத்தனை நாளா அதே படியில ஏறி இறங்கினாங்க. புதுசா வந்தது ஒண்ணுதான்: நான் வாங்கிக் கொடுத்த, அடிப்பாகம் கனமான செருப்பு. அங்கேர்ந்துதான் இந்த எபிசோடு.

ஒரு பொருளோட உயரத்தைக் கண்ணும் சொல்லுது, கையும் சொல்லுது. ரெண்டுமே கொஞ்சம் தப்பு பண்ணும். மூளை எதை எடுத்துக்கும்?

2002-ல் மார்க் எர்ன்ஸ்ட், மார்ட்டின் பேங்க்ஸ் ரெண்டு பேரும் ‘நேச்சர்’ இதழில் இதுக்கு ஒரு பதில் கொடுத்தாங்க. ஒரு மேட்டைப் பார்த்தும் தொட்டும், ரெண்டுல எது உயரம்னு ஆட்கள் சொல்லணும். முதல்ல கண்ணை மட்டும், அப்புறம் கையை மட்டும் வச்சு சோதனை. எவ்வளவு சின்ன வித்தியாசம் வரைக்கும் சரியாச் சொல்றாங்கன்னு பார்த்தா, அந்தப் புலன் எவ்வளவு தடுமாறுதுன்னு ஒரு எண் கிடைச்சிடும். அதுக்கப்புறம்தான் ரெண்டையும் சேர்த்து சோதனை.

கணக்கு ரொம்ப எளிமை. ஒரு உதாரணம் போடுவோம். கண் 50 மி.மீ.ன்னு சொல்லுது, அதோட தடுமாற்றம் 2. கை 56-ன்னு சொல்லுது, தடுமாற்றம் 4. தடுமாற்றத்தை வர்க்கப்படுத்துங்க: 4, 16. எதுக்குத் தடுமாற்றம் குறைவோ அதுக்கு மதிப்பு அதிகம். அதனால கண்ணுக்கு 80 சதவீதம், கைக்கு 20 சதவீதம். விடை 51.2 மி.மீ. இதுல அழகு என்னன்னா, சேர்த்த விடையோட தடுமாற்றம் சுமார் 1.8. அதாவது, கண்ணை மட்டும் நம்பினதை விடவும் குறைவு! சுமாரான சாட்சிகூட உதவுது.

காட்சியில இரைச்சலைக் கூட்டக் கூட்ட, ஆட்கள் கையோட பக்கம் சாய்ஞ்சாங்க. இந்தக் கணக்கு சொன்ன அளவுக்குக் கிட்டத்தட்ட அப்படியே சாய்ஞ்சாங்க. யாரும் அவங்களுக்குச் சூத்திரம் சொல்லித் தரல. நான் கோடுல எழுதுற சென்சார் கணக்கும் இதேதான்.

தியேட்டர்ல வசனம் ஸ்பீக்கர்லேர்ந்து வந்தாலும், நடிகர் வாயிலேர்ந்து வர்ற மாதிரி இருக்கும் இல்லையா? இடத்தைச் சொல்றதுல காதை விடக் கண் துல்லியம். 2004-ல் அலைஸ், பர் ரெண்டு பேரும் காட்சியை ரொம்ப மங்கலாக்கிப் பார்த்தாங்க. அப்போ காது ஜெயிச்சுது.

ஒரு எச்சரிக்கை: ரெண்டு தகவலும் ஒரே பொருளைப் பத்தினதா இருந்தாத்தான் இது செல்லும். ரொம்ப முரண்பட்டா, மூளை அதுங்களைச் சேர்க்காம தனித்தனியா வச்சுக்கும்.

இப்போ பாட்டிகிட்ட வருவோம். கண் மங்கினப்போ அவங்க பாதத்தையும் கையையும் அதிகமா நம்ப ஆரம்பிச்சிருப்பாங்க. நான் போய் அந்தப் பாதத்துக்கும் திரை போட்டுட்டேன். இதை யாரும் அளந்து பார்க்கல, என் ஊகம்தான். ஆனா “ஏன் பாட்டி சுவரைத் தடவிட்டே நடக்கிறீங்க?”ன்னு நான் கேட்டதெல்லாம் இப்போ உறுத்துது. அது பயமில்ல, கணக்கு.

செருப்பை மாத்தியாச்சு. படிக்கட்டுல பிரகாசமான லைட் போட்டாச்சு. கண்புரை ஆபரேஷனுக்கும் தேதி வாங்கியாச்சு. உங்க வீட்டுப் பெரியவங்க எதைப் பிடிச்சு நடக்கிறாங்கன்னு ஒரு தடவை கவனிச்சுப் பாருங்க. அதை மட்டும் எடுத்துடாதீங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.