குளிர்ப்பெட்டி வராத காலமும் வந்த காலமும்

தொண்ணூறுகளில் முல்லைத்தீவுக் கரையில் மீன் நிறையப் பட்ட நாள்தான் வீடுகளில் வேலை கூடிய நாள். ஐஸ் கிடையாது. வெட்டி, உப்புப் போட்டு, வெயிலில் விரித்துவிட்டுக் காகம் கலைக்க வேண்டும். காட்டோரத்து ஊர்களில் இறைச்சி வற்றலாகும். எருமைப்பால் முட்டியில் தயிராகும். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்ட பிறகு வன்னியின் பெரும்பகுதிக்கு மின்சாரம் வெறும் கதைதான். ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஏற்றிய சிக்கன விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். பிரிட்ஜ் என்பது கொழும்பிலிருக்கும் ஒரு சாமான்.

அந்தக் காலத்துப் பிரிட்ஜின் குழாய்க்குள் ஓடியது சி.எவ்.சி. வாயு. நிலத்தருகே அது சாது. எரியாது, எதனோடும் சேராது. அந்தச் சாதுத்தனம்தான் வினை. அழியாமல் அலைந்து படைமண்டலம் ஏறி, ஊதாக்கடந்த கதிர் பட்டு உடைந்து குளோரினை விடுகிறது. ஒரு குளோரின் அணு ஓசோன் மூலக்கூறை உடைத்துவிட்டுத் தான் அப்படியே மீளும். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது என்று ஆயிரக்கணக்கில் தின்னும். 1974இல் மொலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் இதை எச்சரித்தார்கள். 1985இல் அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 1987இல் சி.எவ்.சி.யைக் கட்டுப்படுத்த மொன்றியல் உடன்படிக்கை. 1989 டிசம்பரில் இலங்கையும் சேர்ந்தது. ஆறே மாதத்தில் இங்கே போர்.

வளர்முக நாடுகள் சி.எவ்.சி.யைக் கைவிட வேண்டிய கெடு 2010 ஜனவரி 1. அன்றைக்கும் போரில் இடம்பெயர்ந்த வன்னிச் சனத்தில் பெருந்தொகையினர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், தறப்பாளுக்குக் கீழே. ஆக, அந்த வாயுவின் கடைசி இருபது ஆண்டும் எங்களைப் பெரிதாகத் தொடாமலே போயிற்று. இதை நற்பேறு என்று சொல்ல வாய் வரவில்லை. ஓசோனைக் காத்தவர்களின் பட்டியலில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்கும் இடம் கொடுப்பதா?

இப்போது கிளிநொச்சிக் கடைகளில் பிரிட்ஜுகள் வரிசையாக நிற்கின்றன. மீன் ஐஸ் பெட்டியோடு லொறி ஏறுகிறது. கருவாடும் காய்கிறது, ருசி விடாதவர்களுக்காக.

வெயிலைப் பற்றிய பேச்சும் மாறிவிட்டது. முன்பு 'சித்திரை வெயில்' என்பதோடு விடுவார்கள். இப்போது 'ஓசோனில ஓட்டை, அதுதான் கொளுத்துது' என்கிறார்கள். அது பிழை. ஓசோன் குறைந்தால் கூடுவது வெக்கை அல்ல, ஊதாக்கடந்த கதிர். தோல் புற்றுநோயும் கண்புரையும் அதனால் வருபவை. ஓட்டை விழுவதோ தென்துருவத்தில், செப்டம்பர் ஒக்டோபரில். துருவக் குளிரில் உருவாகும் முகில்களில்தான் அந்த அழிவு வேகம் பிடிக்கும். வன்னிக்கு மேலே ஓசோன் இயல்பிலேயே மெல்லிசு. 1980க்குப் பிறகு இழந்தது சொற்பம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் சூரியன் இங்கே நேர் உச்சம் கொடுக்கிறது. கதிரின் கடுமைக்கு அது போதும். வெப்பம் ஏறுவதற்குக் காபனீரொட்சைட்டைக் கேளுங்கள்.

சி.எவ்.சி.க்குப் பதிலாக வந்த ஆர் 134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் எடைக்கு எடை காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதைக் குறைக்கும், மொன்றியல் உடன்படிக்கையின் கிகாலி திருத்தத்தை இலங்கை 2018இல் ஏற்றது. புதிய பிரிட்ஜுகளில் ஐசோபியூட்டேன் வருகிறது.

போன மாதம் எங்கள் வீட்டுப் பழைய பிரிட்ஜுக்குக் காஸ் அடிக்க ஒரு தம்பி வந்தார். மிச்சமிருந்ததைத் திறந்துவிட்டார். உஸ் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"யன்னலைத் திறந்து விடுங்கோ அக்கா, வெளியால போயிடும்."