பாட்டி இருக்கும்போது பையனுக்கு விடுதி எதற்கு?
பெற்றோரை இழந்த பிள்ளைகளை வீட்டிலேயே வளர்க்க மாதம் ரூ.4 ஆயிரம்!

தூத்துக்குடி:
கடலுக்குப் போன அப்பா பிணமாகக் கரை ஒதுங்குகிறார். அம்மா முன்பே இறந்துவிட்டாள். 5 வயசுப் பையன் தனியாக நிற்கிறான்.

திரேஸ்புரமோ, மணப்பாடோ, இப்படி ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் பேசுவது ஒன்றுதான்: "பையனை எந்த விடுதியில் சேர்க்கலாம்?"

பாட்டி வாயே திறக்கமாட்டாள். பேரன் மேல் பாசம் இல்லாமலா? உலையில் போட அரிசி இல்லை!

பஞ்ச காலத்துப் பழக்கம்

நம் சீமையில் இது பழைய வழக்கம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அனாதையான பிள்ளைகளை நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் இல்லம் வைத்துக் காப்பாற்றினார். அன்று அதுதான் வழி. அது உயிரைக் காத்தது.

இன்று விடுதிகளில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் அனாதைகள் அல்ல. தாயோ, பாட்டியோ உயிரோடு இருந்தும், வறுமையால் வந்து சேர்ந்தவர்களும் உண்டு.

மூளையே வளரவில்லை!

சோறு கிடைத்தால் போதாதா? போதாது என்கிறார்கள் டாக்டர்கள்.

ருமேனியா நாட்டில் அனாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். பாதிப்பேரை குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு புத்தி கூடியது. அதிலும் 2 வயசுக்கு முன்பே வீட்டுக்குப் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். முடிவு 2007-ல் வெளிவந்தது.

என்ன காரணம்? ஆயாக்கள் முறை வைத்து மாறுகிறார்கள். அழுதால் ஓடிவர ஒரே முகம் இல்லை.

யாருக்கு எவ்வளவு?

மத்திய அரசின் 'மிஷன் வத்சல்யா' திட்டம் பிள்ளைக்கு மாதம் ரூ.4 ஆயிரம் தருகிறது. குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு ரூ.72 ஆயிரம், மற்ற இடங்களில் ரூ.96 ஆயிரத்துக்குள் இருக்கவேண்டும். மாநில அரசு 2025 செப்டம்பர் 15-ல் 'அன்புக் கரங்கள்' திட்டத்தை மாதம் ரூ.2 ஆயிரத்துடன் தொடங்கியது.

சொந்தம் யாரும் இல்லையா? 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் நலக் குழு வேறு குடும்பத்தில் வளர்க்க விடலாம். வீட்டை விசாரித்துப் பார்த்துத்தான் விடுவார்கள். பிறகும் வந்து பார்ப்பார்கள். 2024 விதிப்படி, 2 வருஷம் வளர்த்தவர்கள் தத்து கேட்கலாம். கைக்குழந்தை என்றால் முதலில் தத்துக்குத்தான் முயற்சி நடக்கும்.

உஷார்!

"பிள்ளை இல்லாத நல்ல குடும்பம்" என்று தரகர் வந்தால் நம்பாதீர்கள். காசு வாங்கிப் பிள்ளையைக் கைமாற்றினால் 5 ஆண்டு வரை கடுங்காவல், ரூ.1 லட்சம் அபராதம்! கேட்பாரற்றுக் கிடக்கும் குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லவேண்டும். மறைப்பதும் குற்றமே.

உங்கள் தெருவில் இப்படிப் பிள்ளை இருந்தால், 1098-க்கு போன் போடுங்கள். காசு கிடையாது. அல்லது பாட்டியை மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு கூட்டிப்போங்கள். விடுதியில் சேர்ப்பதற்கு முன்பு போங்கள்!