எஞ்சினுக்கும் மூச்சு வேண்டும்



வரிக் கணக்குப் பற்றிப் பேசுகிறவன் இந்த மாதம் மோட்டார் சைக்கிள் பற்றி எழுதக் காரணம் என் அக்காவின் மகன்தான். இங்கே ரொறன்ரோவில் பனி விட்டதும், குளிர்காலம் முழுவதும் கராஜில் நின்ற தனது 600 சிசி மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தான். அது முன்பு போல் இழுக்கவில்லை.

"மாமா, எயார் பில்ரர் பெட்டியைக் கழட்டிப்போட்டு, காத்து நேரா உள்ளே போற மாதிரி ஒரு செற் போட்டால் பவர் கூடுமாம். 450 டொலர்தான்" என்றான். படித்துக்கொண்டே பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசு.

"பொறு, முதலில் கணக்குப் பார்ப்போம்" என்றேன்.

எஞ்சினுக்குள் பெற்றோல் தனியே எரிவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்துதான் எரிகிறது. 1 கிலோ பெற்றோல் சரியாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். லீற்றரில் சொன்னால், 1 லீற்றர் பெற்றோலுக்கு ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்று! காற்றுக் குறைந்தால் பெற்றோல் முழுதாக எரியாது; கரும்புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும். காற்றுக் கூடிப் பெற்றோல் போதாவிட்டால், முழு வேகத்தில் ஓடும்போது சூடு ஏறிப் பிஸ்டனே பழுதாகலாம். ஒரு பக்கத்தை மட்டும் கூட்டி எழுதினால் ஐந்தொகை சமப்படாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். பந்தயக்காரர்கள் காற்று வழியை மாற்றும்போது பெற்றோல் அளவையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். புதிய எஞ்சின்களில் கணினி ஓரளவு சரிக்கட்டும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

அடுத்தது அந்தப் பெட்டி. அது காற்றுக்குத் தடை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எஞ்சின் சூடு படாத காற்றை அமைதியாகச் சேர்த்து வைத்துக் கொடுப்பது அதுதான். 20 பாகை செல்சியஸ் காற்று 50 பாகைக்குச் சூடானால், அதே கன அளவில் காற்றின் எடை 9 வீதம் குறைந்துவிடும். பெட்டியின் அளவும் குழாயின் நீளமும் காற்றின் அதிர்வுக்கு ஏற்றபடி கணிக்கப்பட்டவை. கழற்றினால் சத்தம் கூடும். நாளாந்தம் ஓடும் நடுத்தர வேகத்தில் இழுவை பெரும்பாலும் குறையும். சத்தத்தைத்தான் நாம் பவர் என்று எண்ணி ஏமாறுகிறோம்.

"முன்பக்கத்தில் காற்று வாய் வைத்த பைக்குகள் வருகுதே?" என்று கேட்டான். 1990 இல் கவசாக்கி தனது இசட்.எக்ஸ்-11 இல் அதைக் கொண்டுவந்தது. ஆனால் மணிக்கு 100 கிலோமீற்றரில் எதிர்க்காற்று தரக்கூடிய மேலதிக அழுத்தம் அரை வீதம்கூட இல்லை. அது பந்தய வேகத்துக்கான வசதி.

"அப்ப பில்ரர் இல்லாமல் ஓடினால் என்ன?" என்றான். அதற்கு என்னிடம் சொந்த அனுபவமே இருந்தது.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அதனால் சூப்பிப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோலைக் காற்று வழியில் பீச்சித்தான் ஸ்ராட் பண்ணுவோம். ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்ட அலுப்புப் பட்டு, நான் பில்ரரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டேன். ஒழுங்கைப் புழுதி முழுவதும் எஞ்சினுக்குள் போனது.

1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வு அன்று எல்லோரும் உருட்டிக்கொண்டுதான் போனோம். நாவற்குழிப் பாலம் கடந்து, சனம் விலகி வழி கிடைத்த பிறகும் எனது எஞ்சின் பிடிக்கவில்லை. அம்மாவைப் பின்னால் இருத்திக் கொடிகாமம் வரை உருட்டினேன். பிறகு திறந்து பார்த்த மெக்கானிக் ஐயா சிலிண்டரில் இருந்த கீறல்களைக் காட்டி, "மண்ணெண்ணெயும் காரணம்தான் தம்பி. ஆனால் இது மண் அரைச்ச வேலை" என்றார்.

மருமகன் பேசாமல் இருந்தான். பிறகு இருவருமாகப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே சுண்டெலிக் கூடு! பஞ்சும் கிழித்த தாளும் பில்ரரின் பாதியை மூடியிருந்தன. துப்புரவாக்கிப் புதுப் பில்ரர் போட்டோம். பழைய இழுவை திரும்பி வந்தது. 450 டொலர் வங்கியிலேயே இருக்கிறது.

ஆகவே நேயர்களே, குளிர்காலம் முடிந்து முதல் ஓட்டத்துக்கு முன் பில்ரர் பெட்டியைத் திறந்து பாருங்கள். தாள் பில்ரரைக் கழுவாதீர்கள், மாற்றுங்கள். ஸ்பொஞ்சுப் பில்ரர் என்றால் கழுவி, நன்றாகக் காயவைத்து, அதற்குரிய எண்ணெய் பூசிப் பூட்டுங்கள். பிள்ளைகள் புதுச் சாமான் கேட்டால் ஏசாமல், அவர்களோடு கூட இருந்து பெட்டியைத் திறவுங்கள்.