மரச்செதுக்கு மெஷினில் பிட் நழுவுகிறதா?



சுயதொழில் கடனுதவி பெற்று மரச்செதுக்கு மெஷின் வாங்கிய சகோதரர் ஒருவர், தவணை கட்டத் தாமதமாகும் என்று சொல்ல நம் அலுவலகத்துக்கு வந்தார். விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு குடும்பத்தார் புது வீட்டுக்காகக் கொடுத்த தேக்குக் கதவின் நடுப் பலகையில் கொடியும் பூவும் செதுக்கியிருக்கிறார். 4 மில்லிமீட்டர் ஆழம் போக வேண்டிய பிட், ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கடைசிப் பூவில் 9 மில்லிமீட்டர் தோண்டிவிட்டது. பலகைக்கான பணம் அவர் கையிலிருந்து போனது. அல்லாஹ்வின் கிருபையால் பிட் தெறித்து யார் மீதும் படவில்லை. அனுபவமுள்ள தச்சர்கள் இருவரை அழைத்துக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனோம். அங்கே தெரிந்துகொண்டதை, இதே தொழிலில் இருக்கும் நம் மற்ற பிள்ளைகளுக்காக எழுதுகிறோம்.

பிட்டின் தண்டைப் பிடித்திருப்பது காலட் என்னும் சின்னக் குழல். அதன் வெளிப்புறம் கூம்பாக இருக்கும், நீளவாக்கில் கீறல்கள் இருக்கும். நட்டை முறுக்கும்போது காலட் ஸ்பிண்டிலின் கூம்புக்குள் தள்ளப்பட்டு, கீறல்கள் நெருங்கி, தண்டைச் சுற்றிலும் கவ்வும். பூட்டோ ஆணியோ கிடையாது. வெறும் உராய்வுதான் பிடி. தண்டின் முழுச் சுற்றும் காலட்டோடு ஒட்டியிருந்தால்தான் அந்தப் பிடி நிற்கும்.

சகோதரர் விஷயத்தில் குற்றவாளி அளவுதான். மெஷினோடு வந்தது கால் இஞ்ச் காலட், அதாவது இரண்டு நூல், 6.35 மில்லிமீட்டர். கடையில் "கால் இஞ்ச் பிட்" என்று கேட்டு வாங்கியது 6 மில்லிமீட்டர் தண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முறுக்கினால் இறுகியது போலவும் இருக்கும். ஆனால் காலட் தண்டை இரண்டு மூன்று இடங்களில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். 12 மில்லிமீட்டருக்கும் அரை இஞ்சான 12.7க்கும், 3 மில்லிமீட்டருக்கும் ஒரு நூலான 3.175க்கும் இதே குழப்பம் உண்டு. இ.ஆர். வகைக் காலட்டுகள் ஓரளவு சுருங்கிக் கொடுக்கும்; இருந்தாலும் அதிகம் சுருங்க வேண்டி வந்தால் பிடி குறையும். தண்டின் அளவுக்கே காலட் வாங்குவதுதான் சரி. இடைவெளியை நிரப்பக் காகிதம், டேப், தகரத் துண்டு சுற்றுவதைச் சிலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழலும் பிட் விடுபட்டால் கண்ணையோ கழுத்தையோ பார்த்து வராது.

அளவு சரியாக இருந்தும் நழுவினால் அடுத்துப் பார்க்க வேண்டியது அழுக்கு. தேக்குத் தூளும் மரப் பிசினும் சூட்டில் இறுகிக் காலட்டின் உள்ளும் கீறல்களிலும் படிந்துவிடும். பிட் மாற்றும்போதெல்லாம் காலட்டைக் கழற்றி, பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பிண்டிலின் கூம்பையும் காய்ந்த துணியால் துடையுங்கள். துருவுக்கு எண்ணெய் பூசும் பழக்கமுள்ளவர்கள், மாட்டும் முன் தண்டிலும் காலட்டிலும் எண்ணெய்ப் பிசுபிசுப்பே இல்லாமல் துடைத்துவிட வேண்டும்.

மாட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. இ.ஆர். காலட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து அழுத்தி, "டிக்" என்று உட்கார வைத்த பிறகே ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும். பலரும் காலட்டை ஸ்பிண்டிலில் போட்டுவிட்டு மேலே நட்டை முறுக்குகிறார்கள். பிட் ஆடுவதற்கு அதுவே போதும். தண்டு காலட்டின் நீளம் முழுக்க உள்ளே போகட்டும். ஆனால் அடியில் முட்டி நிற்கக் கூடாது. முட்டினால் இரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்து முறுக்குங்கள். முறுக்க இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று ஸ்பிண்டிலுக்கு, ஒன்று நட்டுக்கு. பிட் இல்லாமல் வெறும் காலட்டை முறுக்கி வைக்காதீர்கள். அதன் வாய் கோணிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் பேராசைப்பட்டு ஒரே ஓட்டத்தில் ஆழமாக வெட்டினால் எந்தக் காலட்டும் தாங்காது. தேக்கு போன்ற மரத்தில் 6 மில்லிமீட்டர் பிட்டுக்கு ஓர் ஓட்டத்துக்கு 3 மில்லிமீட்டர் போதும். தூளை மேலே வாரிப் போடும் முறுக்கு பிட், திருகு போலத் தன்னையே மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். முனை மழுங்கியிருந்தால் இழுப்பு இன்னும் கூடும். அந்தக் கதவில் நடந்தது இதுதான்: அளவு பொருந்தாத தண்டு, அதன் மேல் மழுங்கிய முறுக்கு பிட்.

நழுவுகிறதா என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி உண்டு. பிட் மாட்டியதும், காலட் முடியும் இடத்தில் தண்டின் மேல் மார்க்கரால் சுற்றிக் கோடு போடுங்கள். ஓர் ஓட்டம் முடிந்ததும் மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். கோடு கீழே தள்ளிப் போயிருந்தால் நழுவல்தான். கோடு அசையவில்லை, ஆழம் மட்டும் மாறுகிறது என்றால் காலட்டைக் குறை சொல்ல வேண்டாம். மேலும் கீழும் இயக்கும் மோட்டாரின் கப்ளிங் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், அல்லது பலகையே வளைந்து எழும்பியிருக்கலாம்.

தண்டில் கறுத்த வளையம் விழுந்திருந்தால் அந்தப் பிட்டையும் காலட்டையும் சேர்த்தே சந்தேகப்படுங்கள். காலட் தேய்கிற சாமான். வாய் அகன்றுபோனதைச் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஒரு தேக்குப் பலகையின் விலைக்கு எத்தனையோ காலட் வாங்கலாம்.

புதிது வாங்கக் கடைக்குப் போகும் முன் தண்டை வெர்னியரால் அளந்து, மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டு போங்கள். வெர்னியர் இல்லாதவர்களுக்காக நம் அலுவலகத்தில் ஒன்று வைத்திருக்கிறோம். அஸருக்குப் பிறகு பிட்டை எடுத்து வந்து அளந்து போகலாம்.