எண்ணி எண்ணி எட்டும் எல்லை

ஆடி மாதம் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவோடு சேர்ந்து கூடும் சந்தைக்கு மாடு வாங்க வருகிறவர், விலை கேட்பதற்கு முன் மாட்டைச் சுற்றி வருவார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். நாலு எட்டு நடக்கவிடுவார். பிறகு, ஆகாது என்று அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார். ஏன் என்று கேட்டால் ஒன்றிரண்டு காரணம் சொல்வார். அதே காரணங்கள் பொருந்துகிற இன்னொரு மாட்டை அவரே பிடித்துக்கொண்டு போவதும் உண்டு. பர்கூர் மாட்டின் அடையாளங்கள் கால்நடைத் துறைப் புத்தகங்களில் அச்சாகியிருக்கின்றன: செந்நிறத் தோலில் வெள்ளைத் திட்டுகள், கட்டான உடம்பு, மிரளும் சுபாவம், மலைப்பாதையில் சளைக்காத நடை. அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டு சந்தைக்குள் நுழைகிறவர் தரகரிடம் ஏமாந்துதான் திரும்புவார். அறிவில் ஒரு பங்கு சொல்லுக்குள் வராமல் கண்ணிலும் கையிலும் தங்கிவிடுகிறது. கில்பர்ட் ரைல் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1949இல் வெளியிட்ட நூலில், ஒரு செய்தியைத் தெரிந்திருப்பதும் ஒரு காரியம் செய்யத் தெரிந்திருப்பதும் வெவ்வேறு வகை அறிவு என்று விரிவாக வாதாடினார். மாட்டுத் தரகருக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது.

ஞானத்தைப் பற்றிய பழைய கூற்று இதைவிட ஒரு படி கடினமானது. மாட்டை அறிவதில் அறிகிறவர் ஒருவர், அறியப்படும் மாடு ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. கருத்துக்கு வேலை செய்ய இந்த இடைவெளி வேண்டும். ஒன்றை எதிரே நிறுத்தி, மற்றவற்றிலிருந்து பிரித்து, பெயர் வைத்தால்தான் அதைப் பற்றி எண்ண முடியும். ஞானிகள் கேட்கச் சொன்ன கேள்வியோ அறிகிறவன் யார் என்பது. அவனை எதிரே நிறுத்திப் பார்க்க முயன்றால், நிறுத்துகிறவன் பின்னாலேயே தங்கிவிடுகிறான். எதிரே நிற்பது அவனைப் பற்றிய ஒரு கருத்து மட்டும்தான். ஆகவே கருத்தின் வழியாக அங்கே போய்ச் சேர முடியாது என்றார்கள். இதுவரை சரி. சிக்கல் இதை நாம் இன்றைக்குப் புரிந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது. யோசிப்பதை நிறுத்து, கேள்வி கேட்காதே, உணர்ந்தால் போதும் என்று இது ஒரு விளம்பர வாசகமாகச் சுருங்கிவிட்டது. கொங்கு நாட்டின் சொந்த வரலாற்றைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது. கருத்துக்கு எல்லை உண்டு என்று சொன்னவர்கள் கருத்தை அதன் கடைசி முனைவரை கொண்டுபோனவர்கள். எல்லை எங்கே என்பதே அப்படிப் போனவர்களுக்குத்தான் தெரிந்தது.

அந்தியூரிலிருந்து பவானி வழியாகத் தெற்கே போனால் பெருந்துறை வட்டாரம். அங்கே விசயமங்கலத்தில் சந்திரப் பிரப தீர்த்தங்கரருக்கு ஒரு பழைய சமணக் கோயில் இருக்கிறது. பெருங்கதை பாடிய கொங்குவேளிர் அந்த ஊர்க்காரர். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவருக்குச் சீனாபுரம் என்பார்கள். ஒரு காலத்தில் சமணம் இங்கே எவ்வளவு வேரோடியிருந்தது என்பதற்கு இந்தப் பெயர்களே போதும். சமணத் தருக்கத்தில் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லக்கூடியவற்றை ஏழு வகையாகப் பிரிப்பார்கள். ஒரு நோக்கில் உண்டு, ஒரு நோக்கில் இல்லை, முறையே உண்டும் இல்லையும், ஒருசேரச் சொல்ல முயன்றால் சொல்லொணாதது. பிறகு இந்தச் சொல்லொணாமையை முதல் மூன்றோடும் சேர்த்து மேலும் மூன்று. ஏழில் நான்கில் சொல்ல முடியாமை வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பேச்சு திணறும்போது கைவிரித்துச் சொல்லும் சாக்காக அது வரவில்லை. எந்த இடத்தில், எந்தக் காரணத்தால் மொழி தோற்கிறது என்று கணக்குப் போட்டு, அந்தத் தோல்விக்கும் தருக்கத்துக்குள்ளேயே ஓர் இருக்கை கொடுத்தார்கள். இலக்கண நூல் எழுதிய ஒரு சமூகத்திடம் எதிர்பார்க்கக்கூடிய காரியம்தான்.

இன்னும் நெருக்கமான சான்று கோவைக்குப் பக்கத்தில் பேரூரில் இருக்கிறது. பேரூர் ஆதீனத்தின் மூலவரான சாந்தலிங்க சுவாமிகள் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரசைவத் துறவி. அவர் எழுதியவற்றில் ஒன்று அவிரோத உந்தியார். விரோதம் இல்லாதது என்று பெயரிலேயே நோக்கத்தைச் சொல்லிவிடும் நூல். ஒவ்வொரு சமயமும் தன் கொள்கையே முடிந்த முடிவு என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. சண்டை பிடிக்கும் கொள்கைகளை ஒன்றுக்கொன்று முரணில்லாமல் பொருத்திப் பார்க்க முடியும் என்று காட்டுவதை அவர் வேலையாக எடுத்துக்கொண்டார். இந்த வேலையைக் கண்ணை மூடி உட்கார்ந்து செய்ய முடியாது. எதிராளி என்ன சொல்கிறான், எந்த அளவுக்குச் சரியாகச் சொல்கிறான், எங்கே நின்றுவிடுகிறான் என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லாக் கொள்கையும் ஒன்றுதான் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக் கைகழுவுகிறவருக்கு இது வராது. சாந்தலிங்கரின் மாணவர் குமாரதேவர். அவர் மாணவர் திருப்போரூர் முருகன் கோயிலை எழுப்பிய சிதம்பர சுவாமிகள். தம் குருவின் குரு எழுதிய நூல்களுக்கு உட்கார்ந்து உரை எழுதியவர் சிதம்பர சுவாமிகள். அனுபவமே போதும், எழுத்து வேண்டாம் என்று நினைத்த பரம்பரை உரையாசிரியரை உண்டாக்கியிருக்காது.

அவிரோத உந்தியாருக்குச் சாந்தலிங்கர் தேர்ந்துகொண்ட வடிவத்திலும் ஒரு செய்தி இருக்கிறது. உந்தியார் என்பது மகளிர் விளையாடிக்கொண்டே பாடும் பாட்டின் வடிவம். இரண்டு மூன்று சிற்றடிகள், முடிவில் ஒவ்வொரு முறையும் அதே பல்லவி. மாணிக்கவாசகர் திருவாசகத்தில் இதைக் கையாண்டு இருபது பாட்டுப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் திருவியலூர் உய்யவந்த தேவர் நாற்பத்தைந்து பாட்டில் திருவுந்தியார் செய்தார்; சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கின் வரிசையில் முதலில் நிற்பது அது. பிறகு சாந்தலிங்கர். பிறகு 1927இல் ரமணரின் உபதேச உந்தியார், முப்பது பாட்டு. தமிழாசிரியராக இருந்து ரமணரிடம் வந்துசேர்ந்த முருகனார், தாருகவனத்து முனிவர்களின் கதையை உந்தியாராகப் பாடிக்கொண்டு வந்து, சிவன் உபதேசம் செய்யும் இடத்தில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பகுதியை நீங்களே எழுத வேண்டும் என்று கேட்டதால் பிறந்த நூல் அது. கடினமான தத்துவத்துக்கு ஏன் விளையாட்டுப் பாட்டு? எளிமைக்காக என்று வழக்கமாகச் சொல்லுவார்கள். எனக்கு அது போதவில்லை. வரியைப் படித்துப் பொருள் கண்டால் கருத்து கிடைத்துவிடும். பல்லவியில் புதிதாக எந்தக் கருத்தும் இல்லை. ஒரு கூற்று, பிறகு கூற்றே இல்லாத ஒரு துள்ளல், மறுபடி ஒரு கூற்று என்று போகிறது அந்த நடை. சொல்லக்கூடியதை இறுக்கமாகச் சொல்லிவிட்டு, சொல்லில் நில்லாதே என்று ஒவ்வொரு பாட்டிலும் வாசகரைத் தள்ளிவிடுகிறது வடிவம். அப்படிச் செய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் அவர்கள் தேர்ந்தார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணூறு ஆண்டுகளுக்குமேல் சிந்தனையாளர்கள் இந்த ஒரு வடிவத்துக்கே திரும்பத் திரும்ப வந்ததைத் தற்செயல் என்று தள்ளவும் முடியவில்லை.

ரமணரைப் பேசாச் சாமியாராக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். 1902 வாக்கில் அவரைத் தேடி அருணாசல மலைக்குப் போன சிவப்பிரகாசம் பிள்ளை, தத்துவம் படித்து வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். கையோடு கேள்விகளைக் கொண்டுபோனார். ரமணர் அப்போது பேசுவதில்லை. ஆனாலும் கேள்விகளை ஒதுக்கவில்லை, சைகையாலும் எழுத்தாலும் பதில் சொன்னார். அவைதான் பின்னால் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. அதில் சொல்லப்படும் முறை ஒரு விசாரணை. எந்த எண்ணம் எழுந்தாலும் இது யாருக்கு என்று கேட்பது. அந்தக் கேள்வியும் ஓர் எண்ணம்தான், மற்ற எண்ணங்களை அழித்து முடிவில் அதுவும் அழியும் என்பது விளக்கம். எண்ணத்துக்கு இங்கே கொடுக்கப்பட்டிருக்கும் பொறுப்பு பெரியது. நம் காலத்துக்கு வந்தால், பொள்ளாச்சிக்கு அப்பால் ஆழியாறில் வேதாத்திரி மகரிஷி அமைத்த இடத்துக்கு அறிவுத் திருக்கோயில் என்று பெயர். அவர் வகுத்த தற்சோதனைப் பாடங்களில் முதலாவது எண்ணம் ஆராய்தல். ஆசை, சினம், கவலை மூன்றையும் தாண்டி ஐந்தாவதாகத்தான் நான் யார் என்ற கேள்வி வருகிறது. நேராக ஐந்துக்குத் தாவ அவர் யாரையும் விடவில்லை.

இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு ஈரோட்டுப் பக்கம் போனால் முதல் எதிர்க்கேள்வி காத்திருக்கும். 1925இல் குடி அரசு இதழைத் தொடங்கிய பெரியாரின் ஊர் அது. அறிவுக்கு எட்டாதது என்ற பேச்சே ஏமாற்றின் முதல் படி என்பது பகுத்தறிவாளரின் வாதம். எட்டாது என்று சொல்லிவிட்டால் யாரும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத இடத்தில்தான் உண்டியல் வைக்கிறார்கள். இது லேசான வாதம் இல்லை. மாட்டைப் பற்றிய தரகரின் சொல் ஏரில் பூட்டும் அன்றைக்கு வெளுத்துவிடும். சாமியாரின் சொல்லுக்கு அப்படி ஒரு நாள் வருவதில்லை. ஆனால் எல்லை என்று ஒன்றை ஒப்புக்கொண்டால், அது இரண்டு பக்கமும் கட்டுப்படுத்தும். இந்தத் தகட்டைக் கடையில் மாட்டினால் வியாபாரம் பெருகும், இந்தத் தீர்த்தம் சர்க்கரை வியாதியைத் தீர்க்கும், இந்தச் சாதிக்காரர் இதற்குமேல் வரக் கூடாது என்பவை எல்லாம் பச்சையான கருத்துகள். எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்பவை. இவற்றைச் சோதித்துத் தூக்கி எறிய அறிவுக்கு முழு உரிமை உண்டு. சோதனை வரும்போது சொல்லுக்கு அப்பாற்பட்டது என்று பின்வாங்குகிறவர் பொய் சொல்கிறார். உலகத்தைப் பற்றி எந்தத் தனி உரிமையும் கொண்டாடாதவருக்கு மட்டுமே அந்த வாசகம் பொருந்தும். சித்தர்கள் சடங்கையும் சாதியையும் சாடியது இந்தப் பக்கத்து வேலை. சாந்தலிங்கரும் அவிரோத உந்தியாரோடு நிற்கவில்லை. கொலைமறுத்தல், வைராக்கிய சதகம், வைராக்கிய தீபம் என்று நடத்தையைப் பற்றியே மூன்று நூல் எழுதினார். உயிரைக் கொல்லாதிருப்பதும் பற்றை விடுவதும் வெளியிலிருந்து பார்க்கக் கூடியவை. நல்ல நடத்தை உள்ளவரெல்லாம் ஞானி ஆகிவிட மாட்டார். ஆனால் காசுக்கும் காமத்துக்கும் அலைகிறவரை ஞானி இல்லை என்று கழிக்க அந்த அளவுகோல் போதும். கழிக்க மட்டுமே உதவும் சோதனை என்றாலும் அது சோதனைதான்.

இரண்டாவது எதிர்வாதம் பல்கலைக்கழகங்களிலிருந்து வருவது. அமெரிக்க அறிஞர் ஸ்டீவன் காட்ஸ் 1978இல், கருத்தின் கலப்பில்லாத அனுபவம் என்று எதுவும் கிடையாது என்று எழுதினார். கிறித்தவத் துறவி ஏசுவைக் காண்கிறார், வைணவர் கண்ணனைக் காண்கிறார். படித்த கொள்கைதான் அனுபவத்துக்கு அச்சு வார்க்கிறது என்பது வாதம். தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. சித்தாந்தத்தில் பயின்றவர் உயிரும் இறைவனும் இரண்டறக் கலந்தும் இரண்டாகவே இருப்பதைப் பேசுகிறார். வேதாந்தத்தில் பயின்றவர் ஒன்றே என்கிறார். தாயுமானவர் இரண்டுக்கும் சமரசம் தேட வேண்டி வந்ததே வேறுபாடு இருந்ததால்தான். காட்சிகளைப் பொறுத்தவரை காட்ஸ் சொல்வதை ஒப்புக்கொள்ளத் தடையில்லை. ரமணரே காட்சிகளை வந்து போகிறவை என்று ஒதுக்கியவர். அவர் பேசியது புதிதாக ஒன்றைக் காண்பதைப் பற்றி அல்ல, காண்கிறேன் என்று உரிமை கொண்டாடுகிறவன் இல்லாமல் போவதைப் பற்றி. இல்லாமல் போவதற்கு எந்தக் கொள்கை அச்சு வார்க்கும்? ஆயினும் திரும்பி வந்து அதைச் சொல்லும்போது கொள்கையின் மொழியில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஆகவே காட்ஸின் சந்தேகம் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மூளையைப் படம் பிடிக்கிறவர்களும் இதைத் தீர்த்துவைக்கவில்லை. நெடுநாள் தியானப் பயிற்சி உள்ளவர்களிடம், தன்னைப் பற்றி அசைபோடும்போது இயங்கும் மூளைப் பகுதிகள் அடங்கியிருப்பதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் கண்டார்கள். மூளையில் ஏதோ நடக்கிறது என்பதற்கு அது சான்று. அப்போது அறியப்பட்டது உண்மையா என்ற கேள்வியை அந்தப் படம் தொடவில்லை.

மிச்சமிருப்பது எல்லோருக்கும் தோன்றும் பழைய கேலி: சொல்ல முடியாது என்பதைச் சொல்ல இத்தனை நூல் எதற்கு? நூல்கள் ஞானத்தைச் சொல்ல வந்தவை என்று நினைத்தால்தான் இது கேலி. அவற்றில் பெரும்பகுதி ஞானம் என்று நாம் தவறாக நினைத்திருப்பவற்றைக் கழிக்கிற வேலை. அந்த வேலைக்குச் சொல் தேவை, அதுவும் துல்லியமான சொல். பேரூர் ஆதீனம் அண்மைக் காலத்தில் எதற்காகப் போராடியது என்று பார்த்தால் இது விளங்கும். அதன் இருபத்து நான்காம் பட்டமாக இருந்து 2018இல் மறைந்த சாந்தலிங்க இராமசாமி அடிகளார் கோயில் வழிபாடும் குடமுழுக்கும் தமிழில் நடக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார், நடத்தியும் காட்டினார். மந்திரத்துக்குப் பொருள் தெரிய வேண்டியதில்லை, ஒலியே போதும் என்ற பதில் அவருக்குச் சொல்லப்பட்டது. சொல் எட்டாத இடத்தைப் பாடிய சாந்தலிங்கரின் மடம் அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளவில்லை. கும்பிட வந்து நிற்கிறவருக்குச் சொல்லப்படுவது புரிந்தாக வேண்டும் என்றது.