தடயமும் காரணமும்

ஒரு குற்றம் நிகழ்ந்தவுடன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இதைச் செய்தவர் யார், எவ்வாறு செய்தார் என்பது ஒன்று. இது ஏன் நிகழ்ந்தது, இனி நிகழாமல் காப்பது எங்ஙனம் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை தேடுவது தடய விஞ்ஞானம். இரண்டாம் கேள்விக்கு விடை தேடுவது குற்றவியல். இவ்விரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் படிப்புகள் இன்று பல்கலைக் கழகங்களில் நடைபெற்று வருகின்றன. இரண்டையும் ஏன் சேர்த்துப் பயில வேண்டும் என்பதை மாணவர்களுக்கு விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

தடயம் என்பது யாது? பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலையின் அடிவாரத்தில் அரும்பாவூர் இருக்கிறது. மரச் சிற்பத்துக்குப் பெயர் பெற்ற ஊர் அது. ஒரே மரத்துண்டிலிருந்து தெய்வத் திருவுருவங்களைச் செதுக்கி எடுக்கும் அவ்வூர்க் கலைக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே தச்சுப் பட்டறைகளில் கிடக்கும் உளிகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சாணை பிடித்த உளியின் வாயில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களும் மேடுகளும் இருக்கும். அவை உளிக்கு உளி வேறுபடும். அந்த உளி மரத்தில் பாயும்போது தன் வாயின் வடிவத்தையே கோடுகளாக மரத்தில் எழுதிச் செல்கிறது. பூட்டை உடைத்த கடப்பாரைக்கும் கதவைப் பெயர்த்த உளிக்கும் இது பொருந்தும். கருவி விட்ட சுவட்டை நுண்பெருக்கியின் கீழ் வைத்து ஒப்பிடுவது தடய விஞ்ஞானத்தின் ஒரு கிளை.

மரமே சாட்சி சொன்ன வழக்கும் உண்டு. 1932ஆம் ஆண்டில் அமெரிக்க விமான வீரர் லிண்ட்பெர்க்கின் கைக்குழந்தை கடத்திக் கொல்லப்பட்டது. மாடிச் சன்னலை எட்டக் குற்றவாளி பயன்படுத்திய மர ஏணி தோட்டத்திலேயே கிடந்தது. ஆர்தர் கோலர் என்ற மரவியல் அறிஞர் அந்த ஏணியைத் துண்டு துண்டாக ஆராய்ந்தார். இழைப்பு இயந்திரம் விட்ட கோடுகளைக் கொண்டு அப்பலகை எந்த ஆலையில் அறுக்கப்பட்டது, எந்த மரக்கடைக்குச் சென்றது என்று கண்டறிந்தார். ஏணியின் ஒரு சட்டம், குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டின் பரண் பலகையோடு ஆண்டு வளையங்களாலும் ஆணித் துளைகளாலும் பொருந்தியது என்று 1935ஆம் ஆண்டு விசாரணையில் சாட்சியம் அளித்தார். மரத்தைப் பற்றிய ஆழ்ந்த அறிவே அங்கே நீதிமன்றத்துக்குப் பயன்பட்டது.

இத்துறையில் தமிழகத்துக்கு நெடிய மரபு உண்டு. 1849ஆம் ஆண்டிலேயே சென்னையில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் தோன்றியது. இறந்தவர் உடலில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று ஆராய்வது அதன் முதன்மையான பணி. இந்திய நாட்டில் இத்தகைய ஆய்வுக்கூடங்களுள் அதுவே முந்தியது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை அந்த மரபில் வந்ததே.

இனிக் குற்றவியலுக்கு வருவோம். இச்சொல்லை நூலின் பெயராக்கி 1885ஆம் ஆண்டில் வழங்கியவர் இத்தாலியச் சட்ட அறிஞர் கரோஃபாலோ. குற்றம் புரிபவரின் மனம், அவர் வாழும் சமுதாயம், வறுமையும் பேராசையும் செய்யும் வேலை, தண்டனையின் பயன், பாதிக்கப்பட்டவர் படும் துயர் ஆகியவற்றை எல்லாம் முறைப்படி ஆராய்வது இத்துறை. உளவியல், சமூகவியல், சட்டம், புள்ளியியல் ஆகியவை இதற்குத் துணை நிற்கின்றன.

இவ்விரண்டும் எவ்வாறு இணைகின்றன என்பதற்கு அரியலூர் மாவட்டத்திலேயே தக்க சான்று உண்டு. உடையார்பாளையத்துக்கு அப்பால் ஸ்ரீபுரந்தான் என்னும் சிற்றூரில் சோழர் காலத்துப் பிரகதீசுவரர் கோயில் இருக்கிறது. பூசை நின்று பூட்டிக் கிடந்த அக்கோயிலிலிருந்து 2006ஆம் ஆண்டளவில் செப்புத் திருமேனிகள் களவாடப்பட்டன. களவு நடந்த செய்தியே 2008ஆம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. அதே 2008ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஒரு நடராசர் திருமேனியை ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து வாங்கியது. அத்திருமேனி பல்லாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டது என்று காட்டும் பத்திரங்களும் உடன் தரப்பட்டன.

உண்மை எப்படி வெளிவந்தது? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994ஆம் ஆண்டில் ஸ்ரீபுரந்தான் திருமேனிகளைப் படம் எடுத்து வைத்திருந்தது. அப்படங்களையும் கலைக்கூடத்து நடராசரையும் ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. இவ்வொப்பீடு ஐயமற நிற்பதற்கு நம் முன்னோரின் வார்ப்பு முறையே காரணம். மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் களிமண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுவர். பிறகு அச்சை உடைத்தே திருமேனியை வெளியே எடுப்பர். ஆகவே அச்சுக்கு ஒரு திருமேனிதான் உண்டு. அதைப் போலவே இன்னொன்று இருக்க இயலாது. பிழையும் தேய்வும் முறிவும் அதன் கைரேகை போன்றவை. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அந்நடராசரை இந்தியாவிடம் ஒப்படைத்தார்.

இம்மட்டில் தடய விஞ்ஞானத்தின் வேலை முடிந்தது. இது எந்தத் திருமேனி என்று அது சொல்லிவிட்டது. ஆனால் கேள்விகள் முடியவில்லை. உள்ளூர்க் கள்வன் கைக்குச் சிறு தொகையே கிடைக்கும் ஒரு களவு, கடல் கடந்து கோடிக் கணக்கான பணமாக மாறியது எப்படி? இடையில் நின்ற தரகர் யார்? பெரிய கலைக்கூடங்கள் பத்திரங்களைச் சரிபாராமல் வாங்கத் துணிந்தது ஏன்? பூசையும் காவலும் அற்ற கோயில்கள் எத்தனை? வாங்குவோர் இருக்கும்வரை திருடுவோர் இருப்பர் அல்லவா? இவை குற்றவியலின் கேள்விகள். அதே வணிகர், உடையார்பாளையத்தை அடுத்த சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயில் களவு வழக்கில் 2022ஆம் ஆண்டு நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றத்தால் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஒருவர் தண்டனை பெற்றதனால் மட்டும் ஏனைய கோயில்களுக்குக் காவல் வந்துவிடாது. களவு நடந்த வழியை அறிந்து அடைத்தால்தான் அவ்வழியே இன்னொருவர் வர மாட்டார்.

மறுபுறத்தையும் காண்போம். தடயத்தைப் படிப்பவரும் மனிதரே. 2004ஆம் ஆண்டில் மாட்ரிட் நகர ரயில்களில் குண்டுகள் வெடித்தபோது, ஒரு பையில் இருந்த கைரேகை அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்று அந்நாட்டுப் புலனாய்வு நிபுணர்கள் உறுதி கூறினர். அவர் இரண்டு வாரம் காவலில் இருந்தார். பின்னர் ஸ்பானிய போலீசார் அக்கைரேகை வேறொருவருடையது என்று நிறுவினர். முதலில் ஒருவர் கூறிய முடிவை அடுத்தவர்களும் தழுவிக்கொண்டனர். அவரைப் பற்றி அறிய வந்த செய்திகளும் தங்கள் முடிவை மறு ஆய்வு செய்யும் எண்ணத்தைத் தளர்த்தின. கருவி பிழை செய்யவில்லை. மனம் பிழை செய்தது. மனம் எங்கே வழுக்கும் என்பதைக் குற்றவியலும் உளவியலும் கற்பிக்கின்றன. ஆய்வுக்கூடத்துக்குச் செல்பவரும் அவற்றைப் பயில வேண்டிய இன்றியமையாமை இதனால் விளங்கும். அவர் தரும் அறிக்கையில் ஒரு வரி பிழைபட்டால் குற்றமற்ற ஒருவரின் வாழ்வு அழியும்.

இரண்டையும் இணைத்துக் காணும் நோக்கு புதியதன்று. ஆஸ்திரிய நீதிபதி ஹான்ஸ் கிராஸ் 1893ஆம் ஆண்டில் எழுதிய புலனாய்வு நூல் தடயங்களையும் சாட்சிகளின் மனத்தையும் ஒருசேர ஆராய்ந்தது. அந்நூல் சென்னை அரசு வழக்கறிஞர்கள் இருவரால் இந்திய நிலைமைக்கேற்ப ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, 1906ஆம் ஆண்டில் சென்னையிலேயே வெளிவந்தது என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது. சுவிட்சர்லாந்து லோசான் பல்கலைக் கழகத்தில் 1909ஆம் ஆண்டில் தடய விஞ்ஞானக் கல்வி தொடங்கியது. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்துச் சாகர் பல்கலைக் கழகம் 1959ஆம் ஆண்டில் குற்றவியலையும் தடய விஞ்ஞானத்தையும் ஒரே துறையாக நிறுவியது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசியத் தடய அறிவியல் பல்கலைக் கழகம் அமைந்தது. தமிழகத்தில் சென்னைப் பல்கலைக் கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகத்திலும் குற்றவியல் துறைகள் உள்ளன.

இப்படிப்பை நாடும் மாணவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இரு துறையையும் சேர்த்துப் பயிலும் பட்டம் ஒரு வாயிலே ஆகும். நஞ்சையும் மரபணுவையும் ஆராயும் பணிக்கு ரசாயனத்திலும் உயிரியலிலும் ஆழ்ந்த பயிற்சி வேண்டும். ஆகவே ஆய்வுக்கூடத்தை விரும்புவோர் அடிப்படை விஞ்ஞானத்தை இகழலாகாது. சிறைச் சீர்திருத்தம், இளஞ்சிறார் நலம், பாதிக்கப்பட்டோர்க்கு உதவி ஆகிய பணிகளை விரும்புவோர்க்குக் குற்றவியல் வழிகாட்டும். எப்பக்கம் செல்வோரும் மற்றதன் மொழியை அறிந்திருத்தல் நலம். சேரும் முன்னர் அங்கே ஆய்வுக்கூடம் உண்டா, கற்பிப்போர் யார், எத்தனை மணி நேரம் செய்முறைப் பயிற்சி என்று விசாரிப்பதும் அறிவுடைமை.

2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நிகழ்விடத்துக்கே செல்ல வேண்டும் என்கிறது. இதைச் செயற்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டுவரை கால இசைவும் தந்துள்ளது. ஆகவே சிற்றூர்களுக்கும் இத்துறையினர் தேவைப்படுவர். அவ்வாறு செல்பவர் போலீசாருக்கு வெற்றி தேடித் தருபவர் அல்லர். நீதிமன்றத்துக்கு உண்மை கூறக் கடமைப்பட்டவர். தடயம் கூறுவதைக் கூட்டாமலும் குறைக்காமலும் கூறும் நேர்மையும், குற்றத்தின் வேரைத் தேடும் பொறுமையும் ஒருங்கே வாய்ந்த இளைஞர்களையே இக்கல்வி எதிர்நோக்கி நிற்கிறது.